செயற்கைச் சூரியன் – 17: ஆறு வாட்டில் தொடங்கியது

1969இல் இங்கிலாந்தின் கல்லம் ஆய்வகத்துக்காரர்கள் லேசர் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு மாஸ்கோவுக்குப் போனதையும், டி-3 டோகாமாக் என்ற வளைய வடிவப் பிளாஸ்மாக் கருவிக்குள் ஒரு கோடி டிகிரி வெப்பம் இருப்பது உண்மைதான் என்று அளந்து சொன்னதையும் சென்ற இதழில் பார்த்தோம். அதன் பிறகு உலகம் முழுக்க டோகாமாக் கட்டத் தொடங்கினார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே, டி-3ஐச் சூடாக்கிய வழியில் வெகுதூரம் போக முடியாது என்பது மாஸ்கோக்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

காரணம் எளிமையானது. அன்று பிளாஸ்மாவைச் சூடாக்கிய முறை, அந்த வளையத்துக்குள்ளேயே பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சுவது. மின்தடை உள்ள எதில் மின்சாரம் பாய்ந்தாலும் சூடு பிறக்கும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் உலோகக் கம்பிக்கு நேர்மாறாக, பிளாஸ்மா சூடேறச் சூடேற அதன் மின்தடை குறைந்துகொண்டே போகிறது. வெப்பநிலை இரண்டு மடங்கானால் மின்தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே சில கோடி டிகிரிக்குள் இந்த முறை மூச்சுவாங்கி நின்றுவிடும். ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஆற்றல் தர வேண்டுமானால் பத்துக் கோடி டிகிரிக்கு மேல் வேண்டும். மிச்சச் சூட்டை வெளியிலிருந்துதான் ஊட்ட வேண்டும்.

ஊட்டுவதற்கு வழிகள் சில இருந்தன. அவற்றில் ஒன்று காகிதத்தில் மிக அழகாக இருந்தது. காந்தப்புலத்தில் சிக்கிய எலெக்ட்ரான் அந்தப் புலக்கோட்டைச் சுற்றிச் சுற்றி வரும். அது எத்தனை வேகமாகச் சுற்றும் என்பதைப் புலத்தின் வலிமையே தீர்மானிக்கிறது. ஒரு டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 2,800 கோடிச் சுற்று. அதே அதிர்வெண்ணுள்ள நுண்ணலையை உள்ளே அனுப்பினால் எலெக்ட்ரான் அதை அப்படியே விழுங்கிக்கொள்ளும். டோகாமாக்கின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறுவதால், அதிர்வெண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பிளாஸ்மாவின் எந்தப் பகுதி சூடாக வேண்டும் என்பதைக்கூட நாமே முடிவு செய்யலாம்.

இரண்டு, மூன்று டெஸ்லா புலம் என்றால் 60 முதல் 80 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் நான்கைந்து மில்லிமீட்டர். அந்த அலைநீளத்தில் நூற்றுக்கணக்கான கிலோவாட் தரும் கருவி அன்று உலகில் எங்கும் இல்லை.

ஏன் இல்லை? 1937இல் வேரியன் சகோதரர்கள் கண்டுபிடித்த கிளிஸ்ட்ரானும், 1940இல் பர்மிங்காமில் ராண்டலும் பூட்டும் உருவாக்கிய குழி மேக்னட்ரானும் போர்க்கால ராடாரின் நாயகர்கள். மேக்னட்ரானின் வாரிசு இன்றும் நம் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் வேலை செய்கிறது. ஆனால் இந்தக் குழாய்களின் உள்ளே இருக்கும் உலோகக் குழிகள் அலைநீளத்தின் அளவிலேயே இருந்தாக வேண்டும். பத்து சென்டிமீட்டர் அலைக்குக் கைக்கு அடக்கமான குழி போதும். இரண்டு மில்லிமீட்டர் அலைக்கு அது ஐம்பதில் ஒரு பங்காகக் குறுகும். அதன் பரப்போ இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்காகிவிடும். அத்தனூண்டு செம்பின் மீது பெரிய ஆற்றலைக் கொட்டினால் செம்பு உருகும். வேறு விதமான குழாய் தேவைப்பட்டது.

அதற்கான கருத்து, இணைவு ஆராய்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து வந்தது. 1958இல் ரிச்சர்டு ட்விஸ், வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை ஆஸ்திரேலிய இயற்பியல் இதழில் எழுதினார். காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்கள் அலையை விழுங்குவதற்குப் பதிலாகப் பெருக்கவும் கூடும் என்பது அவர் கணக்கு. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் யூர்கன் ஷ்னைடரும், சோவியத் யூனியனின் கார்க்கி நகரில் ஆந்திரேய் கபோனவும் தனித்தனியே அதே முடிவுக்கு வந்தார்கள்.

இதன் சூட்சுமம் ஐன்ஸ்டைனிடம் இருக்கிறது. ஒளியின் வேகத்தில் பாதியளவு வேகத்தில் பறக்கும் எலெக்ட்ரான் ஆற்றல் பெற்றால் சற்றே கனமாகும். அதனால் அதன் சுழற்சி மெதுவாகும். ஆற்றல் இழந்தால் இலகுவாகும், சுழற்சி விரைவாகும். தேர் வடம் பிடிக்கும் ஆயிரம் பேரும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒரே மூச்சில் இழுத்தால்தான் நகரும். கன்னாபின்னாவென்று சுழலும் எலெக்ட்ரான்களும் அப்படித்தான், அவற்றால் தனித்தனியே ஒன்றும் சாதிக்க முடியாது. ஆனால் குழிக்குள் இருக்கும் அலை சிலவற்றை மெதுவாக்கி, சிலவற்றை விரைவாக்கி, எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. அப்படிச் சேர்ந்ததும் அவை தங்கள் சுழற்சி ஆற்றலை மொத்தமாக அலைக்குக் கொடுத்துவிடுகின்றன. சில சதவீத எடை வேறுபாடு, அவ்வளவுதான். அதை நம்பி ஒரு கருவி செய்யலாம் என்று துணிந்ததுதான் பெரிய விஷயம்.

1964இல் இரண்டு இடங்களில் இது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹிர்ஷ்ஃபீல்டும் வாக்டெலும் சோதனை செய்து, இந்தக் கருத்து சரிதான் என்று ஐயமறக் காட்டினார்கள். கார்க்கியிலோ அதே ஆண்டு, பின்னாளில் ஜைரோட்ரான் என்று பெயர் பெற்ற குழாயையே செய்துவிட்டார்கள். செவ்வக வடிவக் குழி, 10 கிகாஹெர்ட்ஸ். வெளிவந்த ஆற்றல் 6 வாட். இன்று ஒரு எல்.இ.டி. பல்பு எடுக்கும் மின்சாரம். அமெரிக்கர்கள் மெய்ப்பித்ததோடு விட்டார்கள், கார்க்கிக்காரர்கள் விடவில்லை. இந்த வரலாற்றின் அடுத்த பத்தாண்டுகள் முழுக்க முழுக்க கார்க்கிக்குச் சொந்தமானவை.

வோல்காவும் ஓகாவும் கூடும் இடத்தில் இருக்கும் அந்த ஊர், எழுத்தாளர் மக்சிம் கார்க்கி பிறந்த ஊர். இன்று பழைய பெயரான நிஷ்னி நோவ்கரத் என்றே அழைக்கிறார்கள். ராணுவத் தொழிற்சாலைகள் நிறைந்திருந்ததால் சோவியத் காலத்தில் வெளிநாட்டவருக்கு அங்கே அனுமதி கிடையாது. ரேடியோ இயற்பியலில் அந்த நகரத்துக்கென்று ஒரு பரம்பரையே உண்டு. 1956இல் அங்கே தொடங்கிய ரேடியோ இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் மரியா கிரேக்கவா என்ற பெண்மணி. கபோனவ் அவருடைய மகன். பின்னாளில் தந்தை பெயரையும் தாய் பெயரையும் சேர்த்து கபோனவ்-கிரேகவ் என்று எழுதிக்கொண்டார். தாய் தலைமை ஏற்ற நிறுவனத்தில் மகன் வேலை பார்த்தால் நம் ஊரில் என்ன பேசுவார்கள் என்று தெரியும். இங்கே ஒன்று மட்டும் சொல்லலாம்: 1977இல் அதிலிருந்து பிரிந்து பயன்பாட்டு இயற்பியல் நிறுவனம் உருவானபோது அதற்கு இயக்குநராக வந்தவரும் கபோனவ்தான், அதற்குள் அவருடைய குழாய் அவருக்காகப் பேசத் தொடங்கியிருந்தது.

அது பேசியது 1974இல். ஸய்த்செவ், பங்க்ரதோவா, பெத்தேலின், ஃப்ளியாகின் ஆகிய நால்வர் எழுதிய ஒரு சிறு கட்டுரை மாஸ்கோ இதழ் ஒன்றில் வெளியானது. 2.78 மில்லிமீட்டர் அலையில் தொடர்ச்சியாக 12 கிலோவாட். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அலையில் ஒன்றரை கிலோவாட். மில்லிமீட்டர் அலைக்குழாய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த எண்கள் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கிடையே 1970களின் தொடக்கத்திலேயே மாஸ்கோவின் குர்ச்சாத்தவ் நிறுவனத்தில் அலிகாயெவ் குழுவினர் கார்க்கிக் குழாயை டிஎம்-3 என்ற சிறிய டோகாமாக்கோடு இணைத்துப் பார்த்திருந்தார்கள். அலை உள்ளே போனது, எலெக்ட்ரான்கள் சூடாயின. காகிதத்தில் இருந்த அழகு கருவியிலும் தெரிந்தது.

ஒரு சிறு விலகல். 1950இல் இகோர் தம் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து டோகாமாக்கின் மூலக் கருத்தை முன்வைத்த ஆந்திரேய் சகாரவை, ஆப்கானிஸ்தான் படையெடுப்பை எதிர்த்ததற்காக 1980 ஜனவரியில் அரசு நாடு கடத்தாமல் ஊர் கடத்தியது. அனுப்பிய இடம் கார்க்கி. 1986 டிசம்பர் வரை அவர் அங்கே காவலில் இருந்தார். அவர் கண்ட கனவுக் கருவியைச் சூடாக்கும் குழாய்கள் அதே ஊரில் தயாராகிக்கொண்டிருந்த காலம் அது.

அமெரிக்கர்கள் விழித்துக்கொண்டார்கள். வேரியன் சகோதரர்களின் பெயரிலேயே இருந்த நிறுவனம், ஓக் ரிட்ஜ் ஆய்வகத்துக்காக 28 கிகாஹெர்ட்ஸில் தொடர்ச்சியாக 200 கிலோவாட் தரும் ஜைரோட்ரானை 1980 வாக்கில் செய்துகாட்டியது. கடற்படை ஆய்வகத்தின் 35 கிகாஹெர்ட்ஸ் குழாய் அதே ஓக் ரிட்ஜின் ஐ.எஸ்.எக்ஸ்-பி டோகாமாக்கைச் சூடாக்கியது. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ, ஜப்பானில் நாக்கா, சுவிட்சர்லாந்தில் லோசான் என்று அடுத்தடுத்து ஆய்வகங்கள் களத்தில் இறங்கின. எல்லோருக்கும் ஒரே இலக்கு: ஒரு குழாய், ஒரு மெகாவாட், நூறு கிகாஹெர்ட்ஸுக்கு மேல், நிமிடக்கணக்கில். அதை அடைய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தடுத்தது கோட்பாடு இல்லை. கோட்பாடு 1959லேயே முடிந்துவிட்டது. தடுத்தது சூடு. பிளாஸ்மாவுக்குப் போக வேண்டிய சூடு குழாயிலேயே தங்கிவிடுவதுதான் கடைசி வரை தீராத தொல்லையாக இருந்தது.

முதலில் குழி. ஜைரோட்ரானின் பெரிய வசதி, குழி அலைநீளத்தின் அளவில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது. இன்றைய 170 கிகாஹெர்ட்ஸ் குழாயில் அலைநீளம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. குழியின் விட்டமோ மூன்றரை சென்டிமீட்டர். வழவழப்பான செம்புக் குழல், அவ்வளவுதான். ஆனால் குழி பெரிதாகப் பெரிதாக அதற்குள் அலை வெவ்வேறு கோலங்களில் நிற்க இடம் கிடைக்கிறது. ஒன்றை ஒன்று கெடுக்கிற அந்தக் கோலங்களில் வேண்டிய ஒன்றை மட்டும் வளர்த்து, பக்கத்தில் இருப்பதை அடக்க வேண்டும். எலெக்ட்ரான்களை வெற்றுக் குழல் வடிவக் கற்றையாக அனுப்பி, அந்த வளையத்தின் ஆரத்தைத் துல்லியமாகத் தேர்ந்து இதைச் சாதித்தார்கள். 170 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 6.7 டெஸ்லா அளவிலான காந்தப்புலம் வேண்டும்; பூமியின் காந்தப்புலத்தைப் போல் லட்சம் மடங்குக்கும் மேல். ஆகவே ஒவ்வொரு குழாயும் ஒரு மீக்கடத்திக் காந்தத்துக்குள் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, உண்டான அலையை எப்படி வெளியே எடுப்பது? பழைய குழாய்களில் வேலை முடித்த எலெக்ட்ரான்களும் அலையும் ஒரே குழலில் மேலே போயின. எலெக்ட்ரான்களைத் தாங்கும் கலெக்டர் அகலமாக இருந்தால்தான் சூடு பரவும். அலை கெடாமல் போக வேண்டுமானால் குழல் அகலமாகக் கூடாது. இரண்டுக்கும் ஒத்துப்போகவே இல்லை. 1975இல் விளாசவ், ஸக்ரியாத்ஸ்கயா, பெத்தேலின் ஆகியோர் ஒரு வழி சொன்னார்கள். குழலைச் சாய்வாக வெட்டி, வெளியே வழியும் அலையைக் கண்ணாடிகளால் திருப்பி, பக்கவாட்டில் எடுத்துவிடுவது. பின்னர் கார்க்கியின் தெனீசவ், குழலின் உட்சுவரில் மிக நுண்ணிய மேடு பள்ளங்களைச் செதுக்கி, அலை ஒரு நேர்த்தியான ஒற்றைக் கற்றையாக வெளிவரும்படி செய்தார். அன்றிலிருந்து எலெக்ட்ரானுக்கு ஒரு பாதை, அலைக்கு ஒரு பாதை.

அலை வெளியேறும் ஜன்னல்தான் எல்லோரையும் படுத்தியது. குழாய்க்குள் வெற்றிடம், அதைக் காக்கும் தகடு அலைக்கு முழுமையாக வழிவிட வேண்டும். ஆயிரம் கிலோவாட் கடந்து போகும்போது தகடு நூறில் ஒரு பங்கை விழுங்கினாலும் பத்துக் கிலோவாட் சூடு உள்ளங்கை அளவுத் தட்டில் இறங்கும். நீலக்கல் எனும் சஃபயரை முயன்றார்கள். அது சூடானால் இன்னும் அதிகமாக விழுங்கும், அதிகமாக விழுங்கினால் இன்னும் சூடாகும், கடைசியில் விரிசல். இரண்டு தகடுகளுக்கு நடுவே குளிர்திரவத்தை ஓட்டினார்கள். திரவ நைட்ரஜன் குளிரில் வைத்தும் பார்த்தார்கள். ரஷ்யர்கள் போரான் நைட்ரைடை நம்பினார்கள். எதுவும் ஒரு மெகாவாட்டை நீண்ட நேரம் தாங்கவில்லை. 1990களின் நடுவில் ஒரு மெகாவாட் குழாய்கள் இருந்தன, ஆனால் ஜன்னலுக்குப் பயந்து ஒன்றிரண்டு விநாடிகளில் நிறுத்த வேண்டியிருந்தது. ஜன்னலுக்காக ஒரு துறையே காத்திருந்தது என்றால் மிகையில்லை.

விடை வைரம். செம்பைப் போல் நாலைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நுண்ணலையைப் பெரிதாக விழுங்காது. சுமார் பத்து சென்டிமீட்டர் விட்டமும் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவான தடிமனும் கொண்ட வைரத் தட்டை யார் தோண்டி எடுப்பது? தோண்டவில்லை, வளர்த்தார்கள். மீத்தேனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைப் பிளாஸ்மாவாக்கி, கரியைப் படிகமாகப் படியவைக்கும் முறையில் டி பியர்ஸ் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் இந்தத் தட்டுகளைத் தந்தது. அந்தப் பிளாஸ்மாவை உண்டாக்கியதும் நுண்ணலைதான். விளிம்பில் வெறும் தண்ணீர் ஓட்டினாலே போதும் என்ற நிலை வந்தது. திரவ நைட்ரஜன் ஜாடிகள் ஒதுங்கின.

கடைசியாகக் கலெக்டர். 80 கிலோவோல்ட், 40 ஆம்பியர் என்றால் உள்ளே போவது மூன்று மெகாவாட்டுக்கு மேல். அலையாக மாறுவது அதில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் இரண்டு மெகாவாட் கலெக்டரின் தலையில். 1994இல் ஜப்பானிய அணுசக்தி ஆய்வு நிறுவனத்தின் சகமோத்தோவும் சக ஆய்வாளர்களும் தோஷிபாவோடு சேர்ந்து, வேலை முடித்து வரும் எலெக்ட்ரான்களை எதிர்மின்னழுத்தத்தால் பிரேக் போட்டு நிறுத்தி, அவற்றின் ஆற்றலை மின்வழங்கிக்கே திருப்பிவிட்டார்கள். 30 சதவீதமாக இருந்த திறன் 50 சதவீதத்தைத் தொட்டது. இன்று இந்த ஏற்பாடு இல்லாத பெரிய ஜைரோட்ரானை யாரும் செய்வதில்லை.

இவையெல்லாம் ஒன்றுசேர்ந்த பிறகு பலன் விரைவாக வந்தது. ஜெர்மனியின் வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் ஸ்டெல்லரேட்டருக்காகக் கார்ல்ஸ்ரூவும் பிரான்சின் தாலெஸ் நிறுவனமும் உருவாக்கிய 140 கிகாஹெர்ட்ஸ் குழாய், ஏறத்தாழ ஒரு மெகாவாட்டை அரை மணி நேரம் விடாமல் தந்தது. ஸ்டெல்லரேட்டருக்குள் பெரிய மின்னோட்டம் பாய்வதில்லை என்பதை முந்தைய அத்தியாயத்தில் சொல்லியிருக்கிறேன். ஆக, அதற்கு ஜைரோட்ரான் துணைச் சூடு இல்லை, அதுவே முதற்சூடு. 2016 பிப்ரவரி 3 அன்று அன்றைய ஜெர்மன் சான்சலர் அங்கேலா மெர்கெல் பொத்தானை அழுத்தியபோது, இரண்டு மெகாவாட் நுண்ணலைத் துடிப்பு ஹைட்ரஜனைக் கால் விநாடியில் 8 கோடி டிகிரிக்குக் கொண்டுபோனது. 2023இல் அதே கருவி பிளாஸ்மாவை எட்டு நிமிடம் தக்கவைத்தது.

நாக்காவில் 2007 வாக்கில் வந்த சாதனை எனக்கு இன்னும் பிடித்தது. குழாய் தானாகவே தொடங்க முடியாத ஒரு நிலையில்தான் அதன் திறன் உச்சத்தில் இருக்கும் என்று கணக்கு சொல்லியது. ஜப்பானியர்கள் குழாயை எளிதான நிலையில் தொடங்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே காந்தப்புலத்தையும் கற்றையையும் மெல்ல மாற்றி, அந்த நிலைக்கு நகர்த்திப் போனார்கள். 170 கிகாஹெர்ட்ஸ், ஒரு மெகாவாட், 800 விநாடி, 55 சதவீதத் திறன். ஐரோப்பியர்களுக்கு அத்தனை அதிர்ஷ்டம் இல்லை. ஒரே குழாயில் இரண்டு மெகாவாட் என்று ஆசைப்பட்டு, குழியின் நடுவே ஒரு உலோகத் தண்டை வைத்துச் செய்த மாதிரி, சில மில்லி விநாடிகளுக்கு இரண்டு மெகாவாட்டைக் காட்டிவிட்டு உள்ளே பழுதானது. அவர்கள் ஒரு மெகாவாட்டுக்கே திரும்பினார்கள். சரியான முடிவுதான், ஆனால் வீணான ஆண்டுகள் வீணானவைதாம்.

பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் உலைக்கு முதல் திட்டப்படி 24 ஜைரோட்ரான்கள். ஜப்பான் 8, ரஷ்யா 8, ஐரோப்பா 6, இந்தியா 2. இவற்றிலிருந்து பிளாஸ்மாவுக்குப் போய்ச் சேர வேண்டியது 20 மெகாவாட். 2024இல் திருத்திய திட்டத்தில் ஐட்டர் இதை 40 மெகாவாட்டாக உயர்த்தி, அயனிகளைச் சூடாக்கும் ரேடியோ அலையின் பங்கைக் குறைத்தது. இது நியாயமான தேர்வு என்றே நினைக்கிறேன். ரேடியோ அலைக்கான ஆன்டெனா பிளாஸ்மாவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அடி வாங்க வேண்டும். ஜைரோட்ரான்களோ தனிக் கட்டடத்தில் இருக்கும். உலைக்குள் தேவைப்படுவது திருப்பக்கூடிய கண்ணாடிகள் மட்டுமே. சூட்டோடு வேறு வேலையும் நடக்கும். பிளாஸ்மாவில் முளைத்து அதைக் கலைத்துவிடும் காந்தத் தீவுகளை, கற்றையைக் குறிபார்த்து அனுப்பி அடக்கலாம் என்று மியூனிக் அருகே ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு டோகாமாக்கில் ஹார்ட்முட் சோம் குழுவினர் 1999இல் செய்துகாட்டினார்கள்.

இந்தியாவின் கதை சுருக்கமானது. காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் ஆதித்யா, எஸ்.எஸ்.டி-1 ஆகிய டோகாமாக்குகள் 42 கிகாஹெர்ட்ஸ், 500 கிலோவாட் குழாயைப் பயன்படுத்துகின்றன. அது நிஷ்னி நோவ்கரத்தின் கைகோம் நிறுவனம் செய்தது. நாமே செய்ய வேண்டும் என்று பிலானியின் மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வு நிறுவனம் முன்னின்று, காந்திநகர், மும்பையின் சமீர், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம், ரூர்க்கி ஐ.ஐ.டி. ஆகியவற்றோடு சேர்ந்து 42 கிகாஹெர்ட்ஸ், 200 கிலோவாட் குழாய்க்கான திட்டத்தில் இறங்கியது. வெற்றிடக் குழாய் ஒரே நாளில் கைவராது. கார்க்கிக்கே ஆறு வாட்டிலிருந்து 12 கிலோவாட்டுக்கு வரப் பத்தாண்டு பிடித்தது. ஆனால் அந்தப் பத்தாண்டுகளில் அங்கே யாரும் திட்டத்தை இடையில் கைவிடவில்லை. பணம் தருபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஐட்டரின் முதல் திட்டத்தில் நுண்ணலையைவிடப் பெரிய பங்கு, 33 மெகாவாட், நடுநிலை அணுக்கற்றைக்குத்தான். பத்து லட்சம் வோல்ட் முடுக்கத்தில் பாயும் அந்தக் கற்றையையும், அதற்காக இத்தாலியின் பதுவா நகரில் கட்டிய சோதனைக்கூடத்தையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)